பிஸ்டனுக்கு மாலி கோட்டிங்: 6,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

மைலேஜ் கூடுமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதோடு கிளம்பிவிடலாம், கூடவில்லை. பிஸ்டனில் மாலி கோட்டிங், அதாவது வழுக்கும் பூச்சு, போடுவதற்கு முன்னால் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் லிட்டருக்கு 40ஐ ஒட்டிக் கொடுத்தது, போட்ட பிறகும் அதே 40தான், ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று ஓட்டினால் 35. ஆனாலும் கொடுத்த 1,100 ரூபாய்க்கு வருத்தமில்லை, அடுத்த தடவை போர் போட, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்க, நேர்ந்தாலும் கோட்டிங் போட்டுத்தான் மாட்டுவேன். மைலேஜும் கூடவில்லை, காசுக்கும் வருத்தமில்லை என்றால் அது எப்படி என்று கேட்பீர்கள். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வண்டி 1994 மாடல். மாமா ஓட்டியது, அவருக்கு இடுப்பு வலி வந்த பிறகு என் கைக்கு வந்தது. சிலிண்டர் ஏற்கனவே 0.50 மில்லிமீட்டர் வரை போர் ஆகியிருந்தது. போன வருஷம் மே மாசம், மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறிக்கொண்டிருந்தேன், இரண்டாவது கியரில் நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி ஒரு வளைவைத் தாண்டியதும் ‘கீச்’ என்று கத்தியது, பின் சக்கரம் அப்படியே நின்று ரோட்டில் கோடு போட ஆரம்பித்தது. விரல் தானாகக் கிளட்சுக்குப் போனதால் விழாமல் தப்பித்தேன். டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும், பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஆயில் பம்ப் கேபிள் சரியாக செட் ஆகாமல், டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஊற்றும் 2டி ஆயில் தேவையான அளவு உள்ளே போகவில்லை. யார் மேலும் பழி போட வழியில்லை, அந்தக் கேபிளை மாட்டியது நான்தான்.

மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனைக் கையில் கொடுத்தார். “எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்க தம்பி.” மேலிருந்து கீழே நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள், அலுமினியம் உருகி இழுபட்டு, பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங்கை அது உட்காரும் காடியோடு சேர்த்து அப்பிவிட்டிருந்தது. 0.75 பிஸ்டன் வாங்கச் சொன்னார். அப்புறம், நான் கிளம்பும்போது போகிறபோக்கில் ஒரு வார்த்தை. “மாட்டறதுக்கு முன்னாடி மாலி கோட்டிங் போட்டு வாங்கிட்டா நல்லதுங்க. செட்டிபாளையம் டிராக்ல ஓட்டற பசங்க எல்லாம் போடறாங்க.” செட்டிபாளையம் என்றால் கரி மோட்டார் ஸ்பீட்வே, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேஸ் பசங்கள் போடுகிறார்கள் என்றால் என் வண்டிக்கு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கோத்தகிரி ரோட்டில் நின்ற சக்கரம் மனசில் இருந்ததே, சரி என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

மாலி என்பது மாலிப்டினம் டைசல்ஃபைடு என்பதன் கடைப்பெயர். திட மசகு. எண்ணெயும் இல்லை கிரீசும் இல்லை, காய்ந்த பொடியே வழுக்கும். புதுசாக ஏதோ என்று நினைக்க வேண்டாம், கேரம் போர்டில் போரிக் பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய எல்லோரும் திட மசகு உபயோகித்தவர்கள்தான். திறக்க அடம்பிடிக்கும் திண்டுக்கல் பூட்டுக்குள் பென்சிலைச் சீவிப் பொடி போட்டவர்களும் அதே கணக்கு, அது கிராஃபைட். மூன்றுக்கும் உள்ளே நடப்பது ஒரே சங்கதி, அணுக்கள் அடுக்கடுக்காக, புதுச் சீட்டுக்கட்டு மாதிரி இருக்கும், ஒரு அடுக்குக்குள்ளே பிணைப்பு பலமாகவும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு ரொம்பக் குறைவாகவும் இருக்கும். மேலே அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். பிஸ்டனுக்கு வேண்டியதும் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றில் கொஞ்சம் ஈரம் வேண்டும், வெற்றிடத்தில் அது உராய்ந்து தூளாகிவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர், வெற்றிடத்தில்தான் பிரமாதமாக வழுக்கும், ஈரக் காற்றில் கொஞ்சம் மந்தம். அதனால்தான் விண்கலங்களில் அதைப் பூசுகிறார்கள். வியாழன் கிரகத்துக்கு 1989ல் கிளம்பிய கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா குடை மாதிரி விரிய வேண்டியது, 1991ல் பாதி விரிந்து மாட்டிக்கொண்டது. கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் கொண்டுபோய்க் கொண்டுவந்ததில் குலுங்கிக் குலுங்கி, குடைக் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் மேல் இருந்த உலர் மசகு தேய்ந்துபோனதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் விண்வெளி இல்லை, லாரிதான். எண்ணெய் என்றால் வழிந்தோடி வந்து காலியான இடத்தை மறுபடி மூடும், பூசி வைத்த திட மசகு தேய்ந்த இடத்தில் தேய்ந்ததுதான், திரும்பி வராது. பிஸ்டனுக்கும் இது பொருந்தும், கடைசியில் வருகிறேன்.

இப்போது மைலேஜுக்கு வருவோம். ஒரு என்ஜினுக்குள் உராய்வில் வீணாகும் சக்தியில் ஏறத்தாழ பாதி பிஸ்டன், ரிங், சிலிண்டர் இந்த மூன்றுக்கும் நடுவேதான் போகிறது. இதைக் கேட்டதும், அங்கே வழுக்கும் பூச்சைப் பூசினால் பெட்ரோல் மிச்சமாகுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, கடைக்காரர்களும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் பிஸ்டன் நடு ஓட்டத்தில் வேகமாகப் போகும்போது அது உலோகத்தைத் தொடுவதே இல்லை, ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு போகிறது. அந்த நேரத்தில் ஏற்படும் இழுவை ஆயிலின் கெட்டித்தன்மையால் வருவது, அதைப் பூச்சு ஒன்றும் செய்ய முடியாது. பூச்சுக்கு வேலை வருவது உலோகம் உலோகத்தைத் தொடும் நேரத்தில் மட்டும்.

அது எப்போது? பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போதும் கீழே வந்து நின்று திரும்பும்போதும். ஆர்எக்ஸ் 100 முழு சக்தி கொடுப்பது 7,500 ஆர்பிஎம்மில், அப்போது பிஸ்டன் நிமிஷத்துக்கு 15,000 தடவை, அதாவது விநாடிக்கு 250 தடவை நின்று திரும்புகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம், படலம் மெலிந்துவிடும், ரிங் சுவரைத் தொட்டுவிடும். கவனியுங்கள், தொடுவது முக்கியமாக ரிங். நாம் பூச்சு போடுவது பிஸ்டனின் ஸ்கர்ட்டில், அதாவது ரிங்குக்குக் கீழே உள்ள பாவாடைப் பகுதியில். அதிகம் உரசும் இடத்துக்குப் பூச்சு போகவே இல்லை. மைலேஜ் ஏன் மாறவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், நானே அதில் ஏமாந்து ஒரு பிஸ்டன் கடையில் அரை மணி நேரம் வாதாடினேன். ‘மாலி ரிங்’ என்று விற்பது வேறு. அதில் இருப்பது மாலிப்டினம் என்கிற உலோகமே, ரிங்கின் முகத்தில் உருக்கித் தெளித்தது, 2,600 டிகிரிக்கு மேல்தான் உருகும், நுண்துளைகளில் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழுக்கும் கறுப்புப் பொடிக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம்.

சிலிண்டர் சுவருக்கே கோட்டிங் போட்டால் என்ன என்றும் கேட்டேன். லேத் கடையில் போர் போடுகிற பெரியவர் சிரித்தார். “லைனர்லயே இருக்குதுங்களே.” உண்மைதான். ஆர்எக்ஸ் 100 சிலிண்டருக்குள் இருக்கும் லைனர், அதாவது பிஸ்டன் உரசும் உள்குழாய், வார்ப்பிரும்பு. கிரே அயர்ன் என்று ஃபவுண்டரிக்காரர்கள் சொல்வது அதன் உடைந்த முகம் சாம்பல் நிறமாக இருப்பதால், அந்தச் சாம்பல் நிறமே உள்ளே செதில் செதிலாக ஓடும் கிராஃபைட்டால் வருவது. திட மசகு நூறு வருஷத்துக்கு மேலாக சிலிண்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் கல்லால் தேய்த்து குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் கோடுகள் போடுவது ஆயில் தங்குவதற்கு. அதைக் கொண்டுபோய் ஒரு பூச்சால் மூடினால் ரிங் நாலு நாளில் வழித்துப் போட்டுவிடும், ஹோனிங்கும் வீண்.

சரி, கடை. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு சந்துக்குள், இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே, பம்ப் பாகங்களுக்கும் டெக்ஸ்டைல் மெஷின் பாகங்களுக்கும் பூச்சு போடுகிற சின்ன யூனிட். பிஸ்டன் அவர்களுக்கு ஓரமாக வருகிற வேலை. பெயர் போடப் போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால். போர்டு கிடையாது, நீலக் கதவு. உள்ளே போனதும் பிஸ்டனை வாங்கி ஒருவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒற்றை பிஸ்டனுக்கு இவ்வளவு மரியாதையா என்று சந்தோஷமாக இருந்தது.

வேலையை நின்று பார்க்க விட்டார்கள், அதற்கு முழு மதிப்பெண். முதலில் கரைப்பானில் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவுகிறார்கள். பிறகு ரிங் காடி, பிஸ்டன் பின் போகும் துளை, மேல் மண்டை எல்லாவற்றையும் டேப்பும் ரப்பர் அடைப்பானும் வைத்து மறைத்துவிட்டு, ஸ்கர்ட்டை மட்டும் நைசான மணலடித்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். வழுவழுப்பாக இருந்தால் பூச்சு பிடிக்காது. லேசாகச் சூடு ஏற்றி ஸ்பிரே துப்பாக்கியால் மெல்லிசாக இரண்டு தடவை. தெளிப்பது ஒரு பெயின்ட் மாதிரிதான், பாலிஅமைடு இமைடு என்கிற வெப்பம் தாங்கும் பிசினில் மாலிப்பொடியும் கிராஃபைட்டும் கலந்தது. கடைசியில் ஓவனில் 200 டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம். ஏன் இன்னும் கொஞ்சம் கூட்டினால் கெட்டியாகப் பிடிக்காதா என்று கேட்டேன், பூச்சு பிடிக்கும், பிஸ்டன் போய்விடும் என்றார். பிஸ்டன் அலுமினியத்தைப் பதப்படுத்தித்தான் கடினமாக்கியிருக்கிறார்கள், அந்தப் பதத்துக்கு மேல் சுட்டால் மறுபடி மிருதுவாகிவிடும். இதைத் தெரிந்து வைத்திருந்ததால் அந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்தது.

பெரிய கம்பெனிகள் இதையே ஸ்கிரீன் பிரின்டிங்கில் செய்கின்றன, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அதே உத்திதான். பிஸ்டன் தயாரிக்கும் மாலே (Mahle) கம்பெனியின் கிராஃபைட் பூச்சுக்கு கிராஃபால் என்று பெயர். இன்றைக்குப் பெரும்பாலான கார்களின் புது பிஸ்டனை எடுத்தால் ஸ்கர்ட்டில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும், அது இதுதான். அதனால் பிஸ்டன் வாங்கும்போதே பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் தனியாகக் கோட்டிங் போடச் செலவழிக்க வேண்டாம்.

இனித் திட்டு. இரண்டு நாளில் தருகிறேன் என்றவர்கள் ஆறாவது நாள் தந்தார்கள், கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் “ஓவன்ல இருக்குதுங்க”. ஆறு நாள் ஓவனில் இருந்தால் பிஸ்டன் பணியாரம் ஆகியிருக்கும். இது கோயம்புத்தூரில் எந்த ஜாப் ஒர்க் கடையிலும் நடப்பதுதான், மன்னித்துவிடலாம். இரண்டாவது ரிங் காடியின் ஓரத்தில் டேப் தூக்கிக்கொண்டு பூச்சு உள்ளே போயிருந்தது, ரிங் உட்காரவில்லை, வீட்டில் பழைய ரிங்கை ஒடித்து அதை வைத்தே சுரண்டி எடுத்தேன். இதையும்கூட மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது கிளியரன்ஸ், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி. பூச்சு பக்கத்துக்கு 15 மைக்ரான். தலைமுடியில் நான்கில் ஒரு பங்குகூட வராது, இதென்ன பெரிசு என்று தோன்றும். ஆனால் பிஸ்டனுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, ஆக விட்டத்தில் 30 மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர். நான் என்ன செய்திருந்தேன் என்றால், புது பிஸ்டனை லேத் கடையில் கொடுத்து அந்த அளவுக்கு 0.04 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு போர் போட்டு, ஹோனிங்கும் முடித்து, அதற்குப் பிறகுதான் பிஸ்டனைக் கோட்டிங்குக்குக் கொண்டுபோனேன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 0.01. சூடானால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அப்படியே மாட்டியிருந்தால் கோத்தகிரி வரை போக வேண்டியதில்லை, காந்திபுரத்திலேயே பிடித்திருக்கும். எதற்காகக் கோட்டிங் போடுகிறோமோ அதையே கோட்டிங் வரவழைத்திருக்கும்.

கடையில் ஒருவராவது ‘போர் போட்டாச்சா, எவ்வளவு விட்டிருக்கீங்க’ என்று கேட்டிருக்க வேண்டாமா? வாங்கும்போதும் அளக்கவில்லை, கொடுக்கும்போதும் அளக்கவில்லை. பிடிபட்டது மெக்கானிக் அண்ணனால்தான், ரிங் மாட்டாத பிஸ்டனை சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தார், தன் எடையில் இறங்க வேண்டியது பாதியில் நின்றுவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மைக்ரோமீட்டர் தேடிக்கொண்டு மறுபடி லேத் கடைக்கு ஓடினேன். பெரியவர் திட்டிக்கொண்டே மறுபடி ஹோனிங் போட்டுக் கொடுத்தார், 250 ரூபாய் தண்டம். முறை என்னவென்றால், முதலில் கோட்டிங், பிறகு அந்த கோட்டிங் போட்ட பிஸ்டனை அளந்து அதற்கு ஏற்ற மாதிரி போர். இந்த ஒரு வரி அந்தக் கடைச் சுவரில் சாக்பீஸில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சம். அப்புறம், பிஸ்டன் கம்பெனியே பூச்சோடு விற்கும்போது அவர்கள் எதை அளக்கச் சொல்கிறார்களோ அதை மட்டும் கேளுங்கள், பூச்சு இல்லாத ஒரு புள்ளியில் அளக்கச் சொல்பவர்களும் உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மாட்டி ஓட்ட ஆரம்பித்ததும் வித்தியாசம் தெரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். போர் போட்ட வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டர் ஒரு இறுக்கம் இருக்கும், பத்து நிமிஷம் ஓட்டியதும் என்ஜின் மூச்சு வாங்கும், கால்களுக்கு நடுவே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கும். அது இந்தத் தடவை பாதிதான். காலையில் முதல் உதைக்கு எடுத்ததும் கேட்கும் ‘டக டக’ சத்தம், பிஸ்டன் சிலிண்டரில் தட்டும் சத்தம், குறைந்திருந்தது. மாமா ஒரு நாள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு “புது வண்டி மாதிரி இருக்குதே” என்றார், அவர் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் வடிந்து போயிருக்கும், உதைத்ததும் முதல் சில விநாடிகள் பிஸ்டன் கிட்டத்தட்ட காய்ந்த சுவரில்தான் ஏறி இறங்குகிறது, அந்த விநாடிகளுக்குத்தான் இந்தப் பூச்சு. புது பிஸ்டனும் புது சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும் நாட்களுக்கும். ஆயில் பம்ப் ஒரு கணம் ஏமாற்றினால் அந்தக் கணத்துக்கும். மொத்தமாக ஆயிலே போகவில்லை என்றால் இதுவும் காப்பாற்றாது, இதை நம்பி 2டி ஆயிலைக் குறைத்து ஊற்றுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

6,000 கிலோமீட்டர் ஓடியதும் சைலன்சர் கரி எடுக்கிற சாக்கில் சிலிண்டரையும் தூக்கிப் பார்த்தேன். மனசுக்குள் கொஞ்சம் படபடப்பு. எக்ஸாஸ்ட் பக்கம் கறுப்பு அப்படியே இருந்தது, ஒரு கோடுகூட இல்லை. பின்பக்கம், கார்புரேட்டரை ஒட்டிய பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து அலுமினியம் பளபளத்தது. முதலில் கடைக்காரரைத்தான் மனசுக்குள் திட்டினேன். பிறகு யோசித்தால் அது தேய வேண்டிய இடம்தான், வெடித்துக் கீழே இறங்கும்போது கனெக்டிங் ராடு சாய்வாக நிற்பதால் பிஸ்டன் அந்தப் பக்கச் சுவரில்தான் சாய்கிறது. பூச்சு தன்னைக் கொடுத்து பிஸ்டனைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தேய்ந்த இடம் தேய்ந்ததுதான், கலிலியோ லாரி கதை மாதிரி. இன்னும் 6,000 போனால் அந்தப் பக்கம் எதுவும் மிஞ்சாது என்று நினைக்கிறேன். ஆயுள் முழுக்க நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே பூச்சு ஸ்பிரே டின்னிலும் கிடைக்கிறது, காற்றிலேயே காயுமாம், ஓவன் வேண்டாமாம். நண்பன் ஒருவன் ஆர்எக்ஸ் 135க்கு அதை அடித்தான், மணலடிக்கவில்லை, சாண்ட் பேப்பரில் தேய்த்ததோடு சரி. 800 கிலோமீட்டரில் கழற்றினால் வெயிலில் தோல் உரிந்த மாதிரி பாளம் பாளமாகப் போயிருந்தது, உரிந்தது எங்கே போனது என்றால் கொஞ்சம் ரிங் காடிக்குள், மிச்சம் சைலன்சர் வழியாக. கதவுக் கீலுக்கு அடியுங்கள், ஷட்டருக்கு அடியுங்கள், பிஸ்டனுக்கு வேண்டாம்.

அடுத்தது ஆயிலில் ஊற்றும் பாட்டில், இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். மாலிப்பொடியை நைசாக அரைத்து ஆயிலில் கலந்தது. ஜெர்மனியில் உல்ம் நகரத்து லிக்வி மாலி கம்பெனி 1957ல் ஆரம்பித்ததே இந்தச் சரக்கை வைத்துத்தான், பெயரிலேயே மாலி இருக்கிறது பாருங்கள். நான் வாங்கியது வேறு ஒரு பாட்டில், அப்பாவின் ஸ்பிளெண்டரில் ஊற்றினேன். மூன்று டேங்க், ஒவ்வொரு தடவையும் அதே பங்க், அதே அளவுக்கு வாய் வரை நிரப்பி, நோட்டில் எழுதிக் கணக்கு பார்த்தேன். ஊற்றுவதற்கு முன் 61, 59, 62. ஊற்றிய பிறகு 60, 62, 61. அப்பா ஆபீஸ் போகிற வழியில் எத்தனை சிக்னல் விழுந்தது என்பதற்கே இந்த வித்தியாசம் வரும். சத்தம் கொஞ்சம் அடங்கியது என்று அப்பா சொல்கிறார், 400 ரூபாய் செலவழித்த மகன் எதிரில் நிற்கும்போது எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

பைக் வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரில் கிளட்ச் தனியாகக் காய்ந்து கிடக்கிறது, ஸ்பிளெண்டர் மாதிரி பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கின்றன. என்ஜினுக்குள் வழுக்க வேண்டும், கிளட்ச் வழுக்கக் கூடாது, இரண்டுக்கும் ஒரே ஆயில். அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று தரக் குறி போட்டிருக்கும், கிளட்சுக்கு ஆகும் என்று அர்த்தம், எம்பி (MB) என்று போட்டது உராய்வு குறைந்த ஆயில், கிளட்ச் ஆயிலில் ஊறாத கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு. பாட்டிலில் ஈரக் கிளட்சுக்கு ஆகும் என்று எழுதியிருந்தால் மட்டும் ஊற்றுங்கள், காருக்கான டின்னை வாங்கி பைக்கில் கவிழ்க்காதீர்கள்.

டெஃப்லான் கலந்த பாட்டில் என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்று ஒன்று சக்கைப்போடு போட்டது, என்ஜின் தேய்மானம் பாதிக்கு மேல் குறையும் என்கிற மாதிரி விளம்பரங்கள். அந்த நாட்டு வர்த்தக ஆணையம், நிரூபிக்காமல் சொல்கிறாய் என்று 1996ல் வழக்குத் தொடுத்தது, 1997ல் அந்த விளம்பரங்களை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டு சமரசமாகப் போனார்கள். டெஃப்லானைக் கண்டுபிடித்த டூபாண்ட் கம்பெனியே என்ஜின் ஆயிலில் அதற்கு வேலையில்லை என்று அதற்கும் முன்பே சொல்லியிருந்தது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் டெஃப்லான் நன்றாக வழுக்குகிறதே என்றால், தோசைக்கல்லில் அது சுட்டு ஒட்டவைத்தது, ஆயிலில் மிதக்கும் தூள் எந்தச் சுவரிலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. பிசின், மணலடி, ஓவன் என்று நான் மேலே அவ்வளவு நீட்டியது இதற்காகத்தான்.

யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் பைக் வைத்திருப்பவர்கள் இந்த போர் கதையைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்15 சிலிண்டர் சிலிக்கான் கலந்த முழு அலுமினியம், டியூக் 390ல் நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு, நிகசில் என்பார்கள். இரண்டுமே கடினத்துக்கானவை, வழுக்கலுக்கானவை இல்லை, போர் போடவும் முடியாது. அவர்கள் பிஸ்டனோடு சிலிண்டரையும் மாற்றத்தான் காசு சேர்க்க வேண்டும்.

செலவைக் கேட்டால், கோட்டிங் 1,100, மறு ஹோனிங் 250, பிஸ்டன் செட்டும் முதல் போரும் தனி. சிலிண்டர் எப்படியும் கழன்றிருக்கிறது, பிஸ்டன் எப்படியும் புதுசு என்றால் போடலாம், நன்றாக ஓடும் வண்டியை இதற்காகவே பிரிப்பது வெட்டி வேலை. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அளந்து கேட்டிருந்தால் நாலரை. ஞாயிறு கடை இல்லை. போவதற்கு முன் ரிங், பிஸ்டன் பின், லாக் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் பிஸ்டனை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள், நான் பிஸ்டன் பின்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அது அவர்கள் மேஜை டிராயரில் கிடப்பது ஞாபகம் வந்து சித்தாபுதூரில் இருந்து மறுபடி ஒரு தடவை பஸ் ஏறினேன்.